தீபாவளிக் கூட்டம் போன பிறகு மாசி வீதிகளுக்கு யார் வருகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒவ்வொரு வருடமும் தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதுரை விளக்குத்தூண் பக்கம் எடுத்த படம் உங்கள் பத்திரிகை உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் வருகிறது. தெரு தெரியாது, வெறும் தலைகள்தான் தெரியும். அதைப் பார்க்கும் யாரும் மதுரை பழைய ஊரின் வியாபாரத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் நினைப்பார்கள். தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத நீண்டுவிட்டது. முடிந்தால் முழுசாகப் போடுங்கள்.

நான் கடைக்காரன் இல்லை. மாசி வீதிகளிலும் அதைச் சுற்றியுள்ள சந்துகளிலும் இருக்கும் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் பிழைப்பு. அதனால் எந்த மாதம் கல்லா நிறைகிறது, எந்த மாதம் கைமுதலை எடுத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது எனக்குக் கண்ணுக்கு நேரே தெரியும். தீபாவளி, பொங்கல், ஆவணி முகூர்த்தம், தை முகூர்த்தம், சித்திரைத் திருவிழா, இந்த ஐந்தும்தான் பல கடைகளைத் தூக்கி நிறுத்துகின்றன. மற்ற மாதங்களில் வாடகையும் கரண்ட் பில்லும் சம்பளமும் போக மிச்சம் என்று எழுத ஒன்றும் இருப்பதில்லை. வியாபாரம் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியாது. அப்பா, தாத்தா காலத்திலிருந்து அதே கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள். அவர்களுடைய வாடிக்கையாளர் கடைக்கு வந்து சேர முடியாமல் போய்விட்டார் என்பதுதான் விஷயம். கடைகளுக்கு மானியம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஜனங்கள் நிம்மதியாக அங்கே போய்வர வழி செய்யுங்கள், அது போதும், மீதியைக் கடைக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறேன்.

மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாகப் போகும் ஊர் இது. இந்த வீதிகளில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு இடம் உண்டு. நகை என்றால் தெற்கு ஆவணி மூல வீதி. பலசரக்கு மொத்த வியாபாரம் என்றால் கீழமாசி வீதி. ரெடிமேடும் ஜவுளியும் வேண்டுமென்றால் பத்துத்தூண் சந்து, விளக்குத்தூண். பழம் என்றால் யானைக்கல். வெண்கலக்கடைத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு என்று தெருப் பெயரிலேயே தொழில் இருக்கும். எழுத்தாணி போய் எத்தனையோ காலமாகிவிட்டது, பெயர் நிற்கிறது. ஒரே தெருவில் ஒரே சாமானை நாற்பது பேர் விற்றால் போட்டியில் எல்லோரும் அழிந்துபோவார்கள் என்றுதான் வெளியில் இருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். நடப்பது அப்படி இல்லை. ஒரு கடையில் இல்லாத அளவைப் பக்கத்துக் கடையிலிருந்து பையனை ஓடவிட்டு எடுத்துவரச் சொல்லி விற்பார்கள், சாயங்காலம் கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள். நாற்பது கடையும் சேர்ந்துதான் ஒரு பெரிய கடை. அதில் பத்துக் கடை மூடினால் மிச்சம் முப்பதுக்கும் வியாபாரம் குறைகிறது, ஏனென்றால் "அங்கே போனால் எல்லாம் கிடைக்கும்" என்ற பேச்சு போய்விடுகிறது. இதை நான் கணக்கில் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

வெண்கலக்கடைத் தெருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். மகளுக்குச் சீர்ப் பாத்திரம் வாங்க உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். வீட்டிலிருந்த பழைய பித்தளைத் தவலை இரண்டைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரர் தவலையை எடுத்து விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டினார், காதைக் கொடுத்துக் கேட்டார், அப்புறம் அடியைத் திருப்பி ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்தார், தராசில் வைத்தார். எடைக்கு இவ்வளவு, சேதாரம் இவ்வளவு என்று அந்த அம்மாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினார். அந்த அம்மா குத்துவிளக்கு, சொம்பு, அண்டா எல்லாம் எடுத்த பிறகு பெயர் வெட்டுபவர் வந்து உட்கார்ந்தார். இப்போது பாதிப் பேர் மிஷினுக்கு மாறிவிட்டார்கள், இவர் இன்னும் சின்ன உளியும் சுத்தியலும்தான். பாத்திரத்தை மடியில் இடுக்கிக்கொண்டு புள்ளி புள்ளியாக அடித்துக்கொண்டே போனால் பெயர் எழும்பி வருகிறது. "எழுத்தைக் கொஞ்சம் பெருசாவே வெட்டுங்கண்ணே, நாளைக்கு மாமியா வீட்ல இது எங்க பாத்திரம்னு தெரியணும்" என்றார் அந்த அம்மா. "தேதியும் போட்டுடவாம்மா? பேரப்பிள்ளை கேக்கும்ல" என்றார் இவர். ஆன்லைனில் அதே குத்துவிளக்கு நூறு ரூபாய் குறைவாகக் கிடைக்கலாம். பழைய தவலையைத் தட்டிப் பார்த்து வாங்கிக்கொள்ள அங்கே யார் இருக்கிறார்?

அந்த அம்மா சாக்கைச் சுமந்துகொண்டு எப்படி வந்தார் என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம். ஆரப்பாளையத்தில் இறங்கி, டவுன் பஸ் ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ. ஆட்டோக்காரர் மாசி வீதிக்குள் வரமாட்டேன் என்று முனையிலேயே இறக்கிவிட்டிருக்கிறார். மேலூர்க்காரரோ சிவகங்கைக்காரரோ என்றால் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கிருந்து வர வேண்டும். வெளியூர் பஸ்கள் ஊருக்கு வெளியே போனது சரியான முடிவுதான், அதை நான் குறை சொல்லவில்லை. அத்தனை பஸ்ஸும் ஊருக்குள் வந்தால் யாரும் நடக்க முடியாது. பஸ் ஸ்டாண்டை வெளியே கொண்டுபோனபோது, இறங்குகிறவர்களை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்க ஒரு ஏற்பாட்டையும் கூடவே செய்திருக்க வேண்டும். சென்ட்ரல் மார்க்கெட்டும் மாட்டுத்தாவணிக்குப் போனது. காய்கறிக்கு வந்தவர் அப்படியே பலசரக்கும் துணியும் வாங்கிக்கொண்டு போன காலம் அதோடு முடிந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டை ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இடித்துக் கட்டிய சமயத்தில் பஸ்கள் அங்கும் இங்கும் சிதறி நின்றன, கொரோனாவும் அதே நேரத்தில் வந்தது. 2021 கடைசியில் பஸ் ஸ்டாண்டு திறந்தது. ஆனால் அந்த இடைவெளியில் பழக்கம் மாறிய வாடிக்கையாளர்களில் பலர் திரும்பி வரவில்லை. வாடிக்கை என்பது பழக்கம்தானே. இரண்டு வருடம் வேறு கடைக்குப் போய்ப் பழகியவரை ஒரு புதுக் கட்டடம் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்துவிடாது.

என் முதல் வேண்டுகோள் மிகச் சாதாரணமானது. நான்கு மாசி வீதிகளையும் சுற்றிவரச் சின்ன பஸ் அல்லது பேட்டரி வண்டி, பெரியாரிலிருந்தும் சிம்மக்கல்லிலிருந்தும் ஏறிக்கொள்கிற மாதிரி, காலை பத்து மணியிலிருந்து இரவு பத்து வரை. சாமான் மூட்டையோடு ஏறலாம் என்று அதில் எழுதிப் போட வேண்டும். வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில், பல அடுக்கு வாகன நிறுத்தம் இருக்கிறது. காரில் வருகிறவர்கள் அங்கே விட்டுவிட்டு இந்த வண்டியில் ஏறிப் போகலாம். இப்போது என்னவென்றால் கார்க்காரர் மாசி வீதிக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, நிறுத்த இடம் கிடைக்காமல், பேசாமல் எண்பது அடி ரோட்டுக்கோ பைபாஸ் ரோட்டுக்கோ போய்விடுகிறார். அங்கே கடை பெரிது, ஏசி, நிறுத்த இடம் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது.

கழிப்பறை என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள், ஆனால் என்னைக் கேட்டால் பழைய ஊரின் வியாபாரத்தில் பாதியைத் தீர்மானிப்பது அதுதான். கல்யாண ஜவுளி எடுக்க ஒரு குடும்பம் வந்தால் வயதான பாட்டி இருப்பார், கைக்குழந்தையோடு ஒரு பெண் இருப்பார், காலையில் வந்தால் சாயங்காலம் வரை ஆகும். போக இடம் இல்லை என்றால் இரண்டு மணி நேரத்தில் "போதும், மிச்சத்தை இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். அந்த இன்னொரு நாள் வேறு இடத்தில் கழிந்துவிடும். வாங்க வருபவர்களின் நிலைமை இது. விற்பவர்களின் நிலைமை இன்னும் மோசம். சந்துக் கடைகளில் வேலை பார்க்கும் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு சட்டம் போட்டது, நல்ல சட்டம். அதே அக்கறையில் ஒவ்வொரு மாசி வீதிக்கும் சுத்தமான ஒரு பெண்கள் கழிப்பறையாவது, சாவி யாரிடம் என்று தேட வேண்டியில்லாத மாதிரி, பராமரிக்க ஆள் போட்டு, வைக்க வேண்டும். கட்டணம் வாங்கினாலும் பரவாயில்லை. கட்டிவிட்டுப் பூட்டி வைப்பதுதான் கூடாது.

சித்திரை வீதிகளில் வண்டிகளை நிறுத்தி, கல் பாவி, நடக்க விட்டதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். சாயங்காலம் அங்கே போனால் குழந்தைகள் ஓடுகின்றன, வயதானவர்கள் உட்கார்ந்து கோபுரத்தைப் பார்க்கிறார்கள், பூக்காரம்மாவிடமும் வளையல் கடையிலும் நிதானமாக நின்று வாங்குகிறார்கள். நடக்கிறவர்தான் கடையைப் பார்க்கிறார். பைக்கில் போகிறவர் முன்னால் போகிற பைக்கைத்தான் பார்க்கிறார். ஆனால் அந்த நிம்மதி சித்திரை வீதியோடு முடிந்துவிடுகிறது. ஒரு தெரு தாண்டி ஆவணி மூல வீதிக்கு வந்தாலே ஹாரன் சத்தம், பிளாட்பாரம் முழுக்க பைக், நடுவில் சரக்கு இறக்கும் குட்டியானை. கோயிலுக்கு வந்தவர் அதற்கு மேல் நடக்காமல் வந்த வழியே திரும்பிவிடுகிறார். கோயிலுக்கு வருகிறவர்களில் கொஞ்சப் பேர் மாசி வீதி வரை நடந்தாலே எத்தனையோ கடைகள் பிழைத்துக்கொள்ளும்.

நான்கு மாசி வீதிகளையும் வருடம் முழுக்க மூடச் சொல்ல முடியாது, சரக்கு வர வேண்டும், அங்கே குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சித்திரைத் தேரோட்டம் அன்று இதே நான்கு வீதிகளிலும் வண்டிகளை நிறுத்தி, லட்சக்கணக்கான ஜனங்களை நடக்க விட்டு, தேர் நிலைக்கு வந்து சேரும் வரை பார்த்துக்கொள்கிற ஊர்தானே இது. மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு மாசி வீதியை, ஒரு மாதம் தெற்கு, அடுத்த மாதம் மேற்கு என்று மாற்றி மாற்றி, நடப்பவர்களுக்கு மட்டும் விட்டுப் பார்க்கலாம். சென்னையில் 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தித் திறந்தார்கள், பக்கத்திலேயே பல அடுக்கு வாகன நிறுத்தமும் கட்டினார்கள். அங்கே உட்கார பெஞ்சு இருக்கிறது, குழந்தை விளையாட இடம் இருக்கிறது, ஜனங்கள் ஒன்றும் வாங்காமலும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படி உட்கார வருகிறவர்தான் நாளைக்கு வாங்கவும் வருவார். நம் ஊரில் அவ்வளவு அகலம் கிடையாது என்பது உண்மை. அதனால்தான் நேரம் பிரித்துச் செய்யலாம் என்கிறேன்.

சரக்கு இறக்குவதற்கும் நேரம் வேண்டும். கீழமாசி வீதியில் சுமைப்பணி பார்க்கும் அண்ணன்மாரைக் கேளுங்கள், பகல் பதினோரு மணிக்குக் கூட்டத்துக்கு நடுவில் மூட்டை தூக்க அவர்களுக்கும் விருப்பமில்லை. விடியற்காலையோ இரவு கடை எடுத்துவைத்த பிறகோ என்று உறுதியான நேரம் வைத்து, அந்த நேரத்தில் வெளிச்சமும் காவலும் கொடுத்தால் அவர்களுக்கும் தோது. ஆனால் இதை அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. பலசரக்குக் கடைக்கு ஒரு நேரம், ஜவுளிக்கு ஒரு நேரம், நகைக்கடைக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது.

இரவு நேரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நாளங்காடி, அல்லங்காடி என்று பகலுக்கு ஒன்றும் இரவுக்கு ஒன்றுமாகச் சந்தை நடத்திய ஊர் இது, தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய ஊர். 2019-ல் தமிழக அரசு, பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று அரசாணை போட்டது, 2022-ல் அதை நீட்டித்தது. பெரிய கடைகளுக்கு நல்லது. நான் கணக்கு எழுதும் கடைகளில் பெரும்பாலானவற்றில் முதலாளி, அவர் மனைவி, இரண்டு பையன்கள், அவ்வளவுதான். பத்துப் பேருக்கு அவர்கள் எங்கே போவார்கள்? வேலை பார்ப்பவர்களின் நேரத்துக்கும் ஓய்வுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் குடும்பமே உட்கார்ந்து நடத்தும் பருத்திப்பால் கடைக்கும் இட்லிக் கடைக்கும் ஜிகர்தண்டாக் கடைக்கும், ராத்திரி ரயிலுக்கு வந்து இறங்குகிறவர்களை நம்பியிருக்கும் கடைகளுக்கும் தெளிவான ஒரு உரிமம் வேண்டும். இன்று திறக்கலாமா கூடாதா என்று தினமும் யோசித்துக்கொண்டு யாரும் பால் காய்ச்ச முடியாது.

வாடகை. இதுதான் எல்லோரும் மெதுவாகப் பேசும் விஷயம். பழைய ஊரில் பல கட்டடங்கள் பாகப் பிரிவினையில் கிடக்கின்றன, சில அறக்கட்டளைகளுக்குச் சொந்தம். தாத்தா பகடி (வாடகைக்கு மேல் மொத்தமாகக் கொடுக்கும் முன்பணம்) கொடுத்துப் பிடித்த கடையில் பேரன் உட்கார்ந்திருப்பார், எழுத்தில் ஒன்றும் இருக்காது. 2017-ல் கொண்டுவந்து 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எழுத்தில் இருப்பது இரண்டு பேருக்கும் பாதுகாப்பு, சரி. ஆனால் பதினோரு மாதத்துக்கு மட்டும் எழுதினால், கடைக்காரர் எந்த நம்பிக்கையில் பெயின்ட் அடிப்பார், எந்த நம்பிக்கையில் மகனை இந்தத் தொழிலுக்குக் கொண்டுவருவார்? எனக்குத் தெரிந்த ஒரு நூல் கடை, தையல்காரர்களுக்கு நூல், பட்டன், ஊக்கு, உள்துணி எல்லாம் சில்லறையாக விற்ற கடை, வாடகை ஒரேயடியாக மூன்று மடங்கானதில் மூடிப்போனது. அந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கவர் விற்பவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் பிழைக்க வந்தவர்தான். ஆனால் அந்த நூல் கடையை நம்பி இருந்த தையல்காரர்கள் இப்போது ஒரு பட்டனுக்காக எங்கெங்கோ அலைகிறார்கள்.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் இதே வாடகைப் பிரச்சினை வந்தபோது, 2015-ல் மக்கள் வாக்களித்து ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். 30 வருடத்துக்கு மேல் நடக்கும் உள்ளூர்க் கடைகளை நகர நிர்வாகமே பதிவேட்டில் ஏற்றுகிறது. அப்படிப்பட்ட கடைக்குப் பத்து வருடமோ அதற்கு மேலோ ஒப்பந்தம் எழுதித் தரும் கட்டட உரிமையாளருக்கு உதவித்தொகை உண்டு. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், உரிமையாளரை எதிரியாக்காமல் அவரையும் சேர்த்துக்கொண்டதுதான். நம் மாநகராட்சியால் பணமாகக் கொடுக்க முடியாமல் போகலாம். நீண்ட ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கும் உரிமையாளருக்குச் சொத்து வரியில் ஒரு சலுகை கொடுக்கலாமே. 50 வருடம் கடந்த கடைகளை முதலில் ஒரு பட்டியலாவது எடுக்கலாமே. நான் கணக்குப் பார்க்கும் தெருக்களிலேயே அப்படிப்பட்ட கடைகள் நிறைய இருக்கின்றன. அந்தக் கடை வாசலில் எந்த வருடம் ஆரம்பித்தது, என்ன தொழில் என்று ஒரே மாதிரியான ஒரு சின்னப் பலகை மாட்டினால், வெளியூரிலிருந்து வருகிறவர் நின்று படிப்பார், உள்ளே எட்டிப் பார்ப்பார்.

புதுமண்டபத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கேதான் இது மிகவும் அவசரம். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், தூணுக்குத் தூண் சிற்பம், அந்தத் தூண்களுக்கு இடையில் தலைமுறைகளாகத் தையல் மிஷின்களும் புத்தகக் கடைகளும் வளையல் கடைகளும் பாத்திரக் கடைகளும். 2018 பிப்ரவரியில் கோயிலில் வீரவசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு, கோயிலைச் சேர்ந்த இடங்களில் கடைகள் இருக்கலாமா என்ற கேள்வி எழுந்ததும் அதற்குப் பிறகு புதுமண்டபக் கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றியதும் எல்லோருக்கும் தெரியும். சிற்பங்களைக் காப்பாற்ற வேண்டும், நெருப்புப் பயம் உண்மையான பயம், அதில் எனக்கு விவாதம் இல்லை. மண்டபத்துக்குக் காட்டிய அக்கறையை மண்டபத்தில் இருந்த தொழிலுக்கும் காட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறேன். சாமிக்குச் சாத்தும் உடுப்பு, தேரில் தொங்கவிடும் துணித் தொம்பை, குடை, கோயில் கொடி, அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் உடுத்தும் உடை, எல்லாம் இந்தத் தையல்காரர்களின் கையில் உருவாவது. அவர்களில் பலர் இஸ்லாமியர். ஜரிகையைச் சுருக்கம் விழாமல் வளைத்து வைத்துத் தைக்கும் அந்த லாவகத்தை எந்தப் பயிற்சி நிலையத்திலும் சொல்லிக்கொடுப்பதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் வர வேண்டும். மண்டபத்தில் இருந்தபோது கோயிலுக்குப் போகிறவர் கண்ணில் தானாகவே பட்டார்கள். மாடிக் கட்டடத்துக்குள் போய்விட்டால் தேடிக்கொண்டுதான் போக வேண்டும், மேல்மாடி என்றால் அந்தத் தேடலும் பாதியில் நின்றுவிடும். கீழே வாசலில் யார் யார் எந்தத் தளத்தில் என்ன தைக்கிறார்கள் என்று பெரிய பலகை வைக்கலாம், சித்திரை வீதியிலிருந்தே வழிகாட்டி வைக்கலாம், சுற்றுலாத் துறை கொடுக்கும் மதுரை வரைபடத்தில் கோயிலுக்கு அடுத்து அவர்களைக் குறிக்கலாம். திருவிழா மாதத்தில் அவர்கள் கீழே திறந்த இடத்தில் மிஷினைப் போட்டுத் தைக்க அனுமதித்தால் பார்க்கவே கூட்டம் கூடும்.

தெருவோர வியாபாரிகளை இதில் விட்டுவிடக் கூடாது. கடைக்காரர்களுக்கும் அவர்களுக்கும் ஆகாது என்று ஒரு பேச்சு இருக்கிறது, சில இடங்களில் உண்மையும்தான். கடை வாசலை மறைத்து வண்டி போட்டால் வாடகை கொடுப்பவருக்கு வயிறு எரியாதா? ஆனால் சுங்குடிச் சேலை வாங்க வந்தவர் வாசலில் மல்லிகைப் பூ வாங்குகிறார், பூ வாங்க வந்தவர் உள்ளே போய் ஜாக்கெட் துணி எடுக்கிறார். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு நகரத்திலும் ஒரு விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். அந்தக் குழு மாசி வீதிகளுக்கென்று தனியாக உட்கார்ந்து, கடைக்காரர் சங்கத்தையும் கூப்பிட்டு வைத்து, எந்த இடத்தில் வண்டி நிற்கலாம், எந்த இடம் நடக்க, எந்த இடம் கடை வாசல் என்று கோடு போட்டால் தீபாவளிக்குத் தீபாவளி வரும் சண்டை பாதி குறையும்.

இந்த ஊர் இப்படி ஒரு பெரிய மாற்றத்தை முன்பும் செய்திருக்கிறது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிக்க முடிவு செய்தபோது, இடித்து அகழியைத் தூர்த்துக் கொடுப்பவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்தார், ஜனங்களே இறங்கி வேலை செய்தார்கள். வெளி வீதிகள் அப்படி வந்தவைதான். அந்த வேலையை அளந்து நடத்திய மாரட் பெயரிலும் பெருமாள் மேஸ்திரி பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன. விளக்குத்தூணே பிளாக்பர்ன் நினைவாக நட்டதுதான். அந்த வேலை நடந்ததற்குக் காரணம், அதில் சாதாரண மனிதருக்கும் ஒரு பங்கு இருந்தது. இப்போது வரும் திட்டங்களில் கல் பாவுவதற்கும் விளக்குக் கம்பத்துக்கும் பணம் ஒதுக்குகிறார்கள். அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவரிடம் எப்போது தோண்டப் போகிறோம், எப்போது மூடுவோம் என்றுகூடச் சரியாகச் சொல்வதில்லை. முகூர்த்த மாதத்தில் கடை வாசலில் பள்ளம் இருந்தால் அந்த வருடமே போய்விட்டது என்று அர்த்தம். வேலை தொடங்குவதற்கு முன்பு தெருவாரியாக ஒரு கூட்டம், எழுத்தில் ஒரு தேதி, தேதி தாண்டினால் அந்தத் தெருக் கடைகளுக்கு வரியில் கழிவு. இதுவும் என் கோரிக்கை.

கொண்டாட்டம் பற்றி ஒரு யோசனை. மே 5 வணிகர் தினம். மாநாட்டுக்காகக் கடைகளை அடைத்துவிட்டுப் போவது வழக்கம். சித்திரைத் திருவிழாவும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும். அந்த வாரத்தில் ஒரு நாள் மாசி வீதிகளில் கடைக்காரர்கள் தங்கள் தொழிலை வெளியே வைத்துக் காட்டட்டும். சுங்குடி முடிச்சுப் போடுகிறவர், பெயர் வெட்டுகிறவர், ஈயம் பூசுகிறவர், தங்கத்தை உரைத்துப் பார்க்கிறவர், அல்வா கிண்டுகிறவர், எல்லோரும். பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டலாம். மதுரையில் பிறந்த எத்தனையோ பிள்ளைகள் சுங்குடியை முடிச்சுப் போட்டுத்தான் சாயம் ஏற்றுகிறார்கள் என்பதையே பார்த்ததில்லை.

வாசகர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும் இங்கேயே வாங்குங்கள் என்று நான் சொல்லமாட்டேன், அவரவர் வசதி அவரவருக்கு. ஆனால் மாதத்தில் ஒரு சாயங்காலம், கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கும் சாதாரண நாளில், குடும்பத்தோடு போய்வாருங்கள். பேரம் பேசுங்கள், தப்பில்லை, ஆனால் மாடல் பார்த்துவிட்டுப் படம் பிடித்துக்கொண்டு வந்து ஆன்லைனில் வாங்காதீர்கள். அரை மணி நேரம் இருபது சேலையைப் பிரித்துக் காட்டிய பிள்ளைக்கு அன்றைக்குப் போணியே ஆகாமல் போயிருக்கலாம்.

கடைசியாக ஆசிரியர் அவர்களிடம். வாரத்துக்கு ஒரு கடை என்று உங்கள் மதுரைப் பதிப்பில் கால் பக்கம் ஒதுக்குங்கள். விளம்பரமாக வேண்டாம், செய்தியாக எழுதுங்கள், பெரிய கடைகள் வேண்டாம். கூடவே மாசி வீதி, ஆவணி மூல வீதிக் கடைக்காரர்கள், சுமைப்பணியாளர்கள், ஆட்டோக்காரர்கள், அங்கே குடியிருப்பவர்கள் எல்லோரும் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத இடம் கொடுங்கள். சரக்கு இறக்க எந்த நேரம் தோது, வண்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமை என்றால் எந்த வீதியில் முதலில் தொடங்கலாம், கழிப்பறைக்கு எந்த இடம் இருக்கிறது, இந்த மூன்றை மட்டும் எழுதினாலே போதும். வருகிற பதில்களைத் தெருவாரியாகப் பிரித்து, தொகுத்து, வார்டு உறுப்பினர்களிடமும் மாநகராட்சியிடமும் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நான் செய்கிறேன்.

இப்படிக்கு,
மதுரை சிம்மக்கல்லிலிருந்து ஒரு வாசகர்